ஒரு நூல் பிசகு

ஜூன் 4

அக்காவுக்கு,

போனில் பேசமாட்டேன் என்று நீ சொன்னதால் எழுதுகிறேன். "உன் குரலைக் கேட்டாலே ரத்தக்கொதிப்பு ஏறுது, எதுவா இருந்தாலும் எழுதி அனுப்பு" என்று ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து நீ போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பரவாயில்லை. நம் ஹார்டுவேர் கடையில் இருபத்தெட்டு வருஷமாக எல்லார் முன்னாலும்தானே உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

நான் சொன்னது தப்பாகவே இருக்கட்டும். "இனிமே நீ ஏணி ஏற வேண்டாம்க்கா, உட்கார்ந்து பாத்துக்கிட்டா போதும்" என்றேன். அதில் கடையைப் பிடுங்கிக்கொள்கிற எண்ணம் எங்கே இருக்கிறது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்கு நீ சொன்ன பதிலும் காதிலேயே நிற்கிறது. "இந்த ஆபரேஷன்ல ஒரு நூல் பிசகினாலும் நான் அந்தக் கடை வாசப்படி ஏறமாட்டேன். நொண்டிக்கிட்டு வந்து சரக்குக்காரனுங்க முன்னாடி நிக்க எனக்கு வராது." நூல் என்றால் நம் கடை அளவில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நீ சும்மா பேச்சுக்குச் சொன்னாயா, அளந்து சொன்னாயா என்று எனக்குத் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்தபோது உன் மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். நான் மட்டும்தான் இருந்தேன். ரொம்ப நல்லா வந்திருக்கு என்றார். தேய்ந்த இடுப்பு மூட்டை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தாயிற்று, இனிப் பயிற்சிதான் மருந்து, சொன்னதைச் சொன்னபடி செய்தால் ஆறு வாரத்தில் கைத்தடியோடும் மூன்று மாதத்தில் தடி இல்லாமலும் நடக்கலாம் என்றார். மறுநாள் கடை திறக்க வேண்டுமே என்று அன்றே பஸ் ஏறிவிட்டேன்.

நம் வீடு கடைக்கு மேலே. பதினேழு படி. நீ மகள் வீட்டிலேயே இருப்பதுதான் இப்போதைக்குச் சரி. தாழ்வான இடத்தில் உட்காராதே. கால் மேல் கால் போடாதே. பயிற்சியை மட்டும் விட்டுவிடாதே.

தம்பி

ஜூன் 9

தம்பிக்கு,

கடிதம் வந்தது. முதலில் மகள் பிரித்து வாசித்துக் காட்டினாள். அப்புறம் நானே கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தேன்.

எனக்குள் வைத்திருக்கிற சரக்கைப் பற்றி ஆஸ்பத்திரியில் ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். அதில் மூன்று ஸ்டிக்கர், நீளமாக நம்பர். மகள் அதைப் பத்திரமாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறாள். டப்பாவில் பித்தளை என்று ஒட்டிவிட்டு உள்ளே முலாம் பூசின இரும்பை வைத்தவன் எத்தனை பேரை நாம் பார்த்திருக்கிறோம். எடுத்த பழைய எலும்பையாவது காட்டுங்கள் என்று நர்ஸிடம் கேட்டேன். "அதெல்லாம் குடுக்கமாட்டாங்கம்மா" என்றாள். ரிப்பேருக்கு வருகிறவன்கூடப் பழைய பாகத்தைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போகிறான்.

அது போகட்டும். நீ எழுதினது எனக்குப் புரிந்தது.

டாக்டர் "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றாராம். வெறும் "நல்லா வந்திருக்கு" இல்லை. சரக்குக்காரன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது நீ ஒரு தாழ்ப்பாளைத் திருப்பிப் பார்த்து "நல்லா இருக்குக்கா" என்றால் நான் வாங்குவேன். "ரொம்ப நல்லா இருக்குக்கா" என்றால் பழுது, தொடமாட்டேன். நீ வந்து சேர்ந்த முதல் மாதம் நான் சொல்லிக் கொடுத்தது. கடையில் வேறு யாருக்கும் தெரியாது, உன் பெண்டாட்டிக்கும் தெரியாது, என் மகளுக்கும் தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த வார்த்தையை நீ தப்பான இடத்தில் போட்டதில்லை.

கடிதத்தை மகள் பிரிப்பாள் என்று தெரிந்துதான் அப்படி எழுதியிருக்கிறாய். சரி, சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது. இப்போது என்ன பழுது என்று மட்டும் எழுது. மூட்டு தளர்வா? அளவு மாறிப்போனதா? உள்ளே அடித்து இறக்கும்போது எலும்பில் விரிசல் விழுந்ததா? தெரிகிறவரைக்கும் அந்தக் காலுக்குப் பாரம் கொடுக்கமாட்டேன்.

பயிற்சி சொல்லிக் கொடுக்க ஒரு பிசியோ பொண்ணு தினமும் காலை பத்து மணிக்கு வருகிறாள். "எழுந்து நில்லுங்கம்மா" என்பாள். எனக்குத் தலை சுற்றும். நாலு நாளாகச் சரியாகப் பத்து மணிக்குச் சுற்றுகிறது. அவளும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போகிறாள். என்ன குறிக்கிறாள் என்று காட்டமாட்டேன் என்கிறாள்.

பதிலை என் பெயருக்கே அனுப்பு. உறையின் நாலு பக்கமும் டேப் ஒட்டு.

அக்கா

ஜூன் 14

அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். திருகாணி கேட்டு வந்தவர் இரண்டு தடவை கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன்.

நம் கடைப் பேச்சு டாக்டருக்கு எப்படித் தெரியும்? ஊரே அந்த வார்த்தையைத்தான் பேசுகிறது. ரொம்ப வெயில், ரொம்பக் கூட்டம், ரொம்ப நாளாச்சு பார்த்து. கடை வாசலைத் தாண்டினால் அது வெறும் வார்த்தை அக்கா. அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. நான் அவர் சொன்னதை எழுதினேன், அவ்வளவுதான். இதற்குப் போய் நீ பாரம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தால் நான் என்ன செய்வேன்.

உனக்கு வைத்தது நல்ல மூட்டு. அந்த ஆஸ்பத்திரியில் வாரத்துக்கு எத்தனையோ பேருக்கு வைக்கிறார்களாம். நம் ரோட்டு முனையில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாரே, அவருடைய மாமியாருக்கு இரண்டு பக்கமும் மாற்றியிருக்கிறார்கள், எழுபத்து மூன்று வயது, தினமும் மார்க்கெட் போய் வருகிறார். நேற்று அந்தக் கடைக்காரரைப் பிடித்து வைத்துக் கேட்டேன். முதல் வாரத்திலேயே நிற்க வைத்துவிட்டார்களாம். குதிகாலைப் படுக்கையில் இழுத்து இழுத்து மடக்குவது, முழங்காலை அழுத்திப் பிடிப்பது, காலைப் பக்கவாட்டில் நகர்த்துவது, இதைத்தான் நாளைக்கு மூன்று வேளை செய்தாராம். வலித்ததாம், ஆனாலும் செய்தாராம். உன்னால் முடியாதா. ஒற்றை ஆளாகத் தள்ளுவண்டியில் ஆணி விற்று இந்தக் கடையைப் போட்டவள் நீ.

இங்கே எல்லாம் நல்லபடியாக நடக்கிறது. மேல் தட்டில் இருந்த ஆணிப் பெட்டிகளை இடுப்பு உயரத்துக்கு இறக்கிவிட்டேன். உன் ஸ்டூலையும் ஆறு அங்குலம் உயர்த்தச் சொல்லி ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன், நீ தாழ்வாக உட்காரக் கூடாது என்பதால். வேறு ஒரு மாற்றமும் செய்யவில்லை. கீல் வரிசை அப்படியேதான் இருக்கிறது. பெயிண்ட் பிரஷ் மட்டும் இடம் மாறியிருக்கிறது, அதுவும் தற்காலிகமாக.

மூட்டில் ஒரு பழுதும் இல்லை அக்கா. என் பிள்ளைகள் மேல் சத்தியமாகச் சொல்கிறேன். நம்பி எழுந்து நட.

தம்பி

ஜூன் 20

தம்பிக்கு,

ஒன்றும் இல்லை என்று சொல்வதற்கு எவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறாய். கண்ணாடிக்கடைக்காரர் மாமியார் மார்க்கெட் போவது வரைக்கும் வந்துவிட்டாய். நீ உள்ளதைச் சொல்லும்போது ஒரு வரியில் சொல்வாய். "கதவு ஒடஞ்சுது", "சரக்கு வரலை". இழுத்தால் எனக்குத் தெரியும்.

இன்னொன்று. "உங்க தம்பியே ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னாரே, அப்புறம் ஏன்ம்மா வேண்டாங்கறீங்க" என்று சரக்குக்காரன் கேட்டால் நீ என்ன சொல்வாய்? "அட, நிஜமாத்தாங்க சொன்னேன், சத்தியமா நல்ல சரக்கு, அக்காதான் பிடிவாதம்" என்பாய். அந்த வரியையே எனக்கு எழுதி அனுப்பியிருக்கிறாய். அதையும் உனக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். நான் சொல்லிக் கொடுத்ததை என்னிடமே விற்கப் பார்க்காதே. பிள்ளைகளை வேறு இழுத்திருக்கிறாய்.

நேற்று மத்தியானம் யாரும் பார்க்காதபோது வாக்கரைப் பிடித்து இரண்டு காலிலும் சமமாக நின்று பார்த்தேன். ஆபரேஷன் செய்த கால் முதலில் தரையைத் தொடுகிறது. மற்றது தரையைத் தேடுகிறது. கதவு தொங்கினால் சத்தத்தை வைத்தே எந்தக் கீல் என்று சொல்கிறவள் நான். என் உடம்பு தொங்கினால் எனக்குத் தெரியாதா?

மகளிடம் கேட்டேன். "சும்மா எதையாவது நினைச்சுக்காதம்மா" என்றாள். பிசியோ பொண்ணிடம் கேட்டேன். "மொதல்ல அப்படித்தாம்மா இருக்கும், போகப் போகச் சரியாயிடும்" என்றாள். என்ன சரியாகும், எப்போது, எவ்வளவு என்று கேட்டால் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். மகள் உன்னோடு போனில் பேசும்போது சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சாத்தாமல் பேசியிருந்தால் நான் காது கொடுத்திருக்கமாட்டேன்.

இன்றைக்கு அந்தப் பிசியோ பொண்ணு நோட்டை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, உங்களுக்குத் தலை சுத்தலை. நீங்க பயப்படறீங்க. இப்படியே உட்கார்ந்திருந்தா இடுப்பைச் சுத்தி இருக்கற சதை எல்லாம் இறுகிப்போயிடும். அதுக்கப்புறம் மூட்டு எவ்வளவு நல்லா இருந்தாலும் சாஞ்சு சாஞ்சுதான் நடப்பீங்க, ஆயுசுக்கும்."

"உனக்கு யார் போன் பண்ணிச் சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டேன்.

நான் என்ன செய்யட்டும், நீயே சொல். பழுதான மூட்டில் பாரம் ஏற்றினால் உடையும். நல்ல மூட்டில் பாரம் ஏற்றாவிட்டால் நொண்டுவேன். எது என்று தெரிந்தவன் நீ ஒருவன். நீ பிரஷ் இடம் மாறினதை எழுதுகிறாய்.

தட்டை இறக்கினது யாருக்காக? மேலே கை நீட்டி எடுக்கிற ஆள் இனி வரப்போவதில்லை என்று தெரிந்தவன்தான் தட்டை இறக்குவான்.

அக்கா

ஜூன் 27

அக்கா,

உன் மகளிடம் பேசினேன். கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசினாள்.

ஒன்பது நாளாக நீ பயிற்சி எதுவும் செய்யவில்லையாம். பாத்ரூம் போகும்போதும் பாரத்தை எல்லாம் வாக்கரில் போட்டு ஒரு காலில் தாவுகிறாயாம். பயிற்சிப் படம் போட்ட தாளை மடித்து, ஜன்னல் கதவு ஆடாமல் இருக்கச் செருகி வைத்திருக்கிறாயாம். அந்தப் பிசியோ பொண்ணு "இனிமே நான் வந்து பிரயோஜனம் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போய், உன் மகள் கெஞ்சிக் கூட்டி வந்திருக்கிறாள்.

நீ என்னைச் சந்தேகப்படுவது புதிதில்லை. என் கல்யாணத்தன்று, பந்தியில் உட்கார்ந்திருந்தவனை எழுப்பி, கடைச் சாவி எங்கே என்று கேட்டவள்தானே. ஆனால் இப்போது எனக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. எழுதுகிறேன், கோபித்துக்கொள்.

நடப்பதற்கு உனக்குப் பயம். அதை ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. அதனால் என் கடிதத்தில் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாய். கால் சரியாகாமல் போனால் பழி என் மேல் விழும், உனக்கும் கடைக்கு வராமல் இருக்க ஒரு காரணம் கிடைக்கும். இருபத்தெட்டு வருஷத்தில் "எனக்குப் பயமா இருக்கு" என்று நீ சொல்லி நான் கேட்டதில்லை. இப்போதும் சொல்லமாட்டாய்.

தட்டை இறக்கினது எனக்காக. எனக்கும் ஐம்பதாகிறது. எனக்கும் தோள் வலிக்கிறது. கடையில் நடப்பது எல்லாமே உன்னை வைத்துத்தான் நடக்கிறது என்று நினைக்காதே.

தம்பி

ஜூலை 1

தம்பிக்கு,

பயமாகத்தான் இருக்கிறது. எழுதிவிட்டேன். போதுமா.

ராத்திரி பகல் இல்லாமல் தொடைக்குள் ஒரு இரும்பு இருப்பது தெரிகிறது. வேறு யாரோ பூட்டின இரும்பு. நான் மயக்கத்தில் இருந்தபோது பூட்டினது. என் கண்ணால் பார்க்காமல் ஒரு திருகாணிகூட நான் வாங்கினதில்லை.

இனி நீ ஒன்று செய். உன் யோசனையை எழுதாதே. சத்தியம் எழுதாதே. ஆபரேஷன் அறைக் கதவு திறந்ததிலிருந்து டாக்டர் திரும்பிப் போனவரை யார் எங்கே நின்றார்கள், அவர் என்ன சொன்னார், நீ என்ன கேட்டாய், வரிசை மாறாமல் எழுது. பொய் சொல்கிறவனுக்கு வரிசை நிற்காது. நம் கடை பெஞ்சில் எத்தனை பேரை இப்படி உட்கார வைத்துக் கேட்டிருக்கிறேன், நீ பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாய்.

பத்தாம் தேதி டாக்டரிடம் காட்டப் போகிறோம். அவர் வாயால் எனக்குத் தெரிவதற்கு முன்னால் உன் கையால் தெரிய வேண்டும். அவர் சொல்லித்தான் தெரிந்தது என்றால் அப்புறம் உனக்கும் எனக்கும் எழுதிக்கொள்ள ஒன்றும் இருக்காது.

அக்கா

ஜூலை 4

அக்காவுக்கு,

கதவு திறந்தது பதினொன்று இருபதுக்கு. எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. நான் சுவரோரம் மூன்றாவது நாற்காலியில் இருந்தேன். வேறு யாரும் இல்லை. டாக்டர் தலையில் போட்டிருந்த பச்சைத் துணியைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"நீங்க யாரு?"

"தம்பி."

"நல்லா முடிஞ்சுது."

நல்லா என்றுதான் சொன்னார். மற்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

அப்புறம் சொன்னார்: "ஒரு விஷயம். மூட்டு இறுக்கமா நிக்கணும்னு அந்தக் கால் கொஞ்சம் நீளமா வர்ற மாதிரி வச்சிருக்கேன். நாலு மில்லிமீட்டர். தளர்வா வச்சு நழுவிப் போறதைவிட இது மேல். ஆரம்பத்துல சதை இறுகியிருக்கறதால அதைவிட அதிகமாத் தெரியும். பயிற்சி பண்ணப் பண்ண இடுப்பு அதுக்குத் தக்கபடி படிஞ்சுடும், நிறையப் பேருக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே மறந்துபோகும். பயிற்சி பண்ணாதவங்கதான் சாஞ்சு நடப்பாங்க."

நான் "எத்தனை?" என்று மறுபடி கேட்டேன். "நாலு" என்றார். கை தானாகச் சட்டைப் பைக்குள் அளவு டேப்பைத் தேடியது. மனசுக்குள் மாற்றிப் பார்த்தேன். ஒரு நூலும் கொஞ்சமும்.

"அவங்ககிட்ட ஆறாவது வாரம் நானே சொல்றேன். இப்பவே சொன்னா அதையே நினைச்சுக்கிட்டு நடப்பாங்க. ஆனா அவங்களாக் கேட்டா மறைக்காதீங்க, சொல்லிடுங்க" என்றார். முதல் கடிதத்தில் நான் எழுதின ஆறு வாரம், மூன்று மாதக் கணக்கைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது.

நீயாகக் கேட்டாய். நான் சொல்லவில்லை.

ஒரு நூல் பிசகினாலும் வாசப்படி ஏறமாட்டேன் என்று முந்தின நாள்தான் சொல்லியிருந்தாய். நீ சொன்னால் சொன்னதுதான். நாலு மில்லி என்று எழுதினால் அதோடு நீ கடையை விட்டாய் என்று நினைத்தேன். நன்றாக நடக்க ஆரம்பித்த பிறகு தெரிந்தால் தெரியட்டும் என்று விட்டேன். நடக்கவிடாமல் செய்ததே நான்தான் என்று இப்போது தெரிகிறது. நீ காலில் நின்றிருக்க வேண்டிய மூன்று வாரத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

முதல் கடிதத்தில் அந்த வார்த்தை எப்படி வந்தது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். வேண்டுமென்று எழுதவில்லை. பிசகைப் பார்த்துவிட்டு உன்னிடம் "நல்லா இருக்கு" என்று சொல்லி என் வாய்க்கும் பழக்கமில்லை, கைக்கும் பழக்கமில்லை. அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

மூட்டு உறுதியாக இருக்கிறது. பாரம் தாங்கும். இது நான் உன்னிடம் சொல்வது, டாக்டர் சொன்னதும் இதுதான்.

தம்பி

ஜூலை 8

தம்பிக்கு,

நாலு மில்லிமீட்டர்.

கதவு தரையில் உரசினால் கீலுக்கு அடியில் ஒரு அட்டைத் துண்டை மடித்து வைக்கிறோமே, அந்த அளவு. இதற்கா ஒரு மாதம் ஆளுக்கு ஒரு ஊரில் உட்கார்ந்து குரைத்துக்கொண்டிருந்தோம். முட்டாள் நீ. உன்னிடம் அப்படி ஒரு வீராப்பைப் பேசினவள் அதைவிட முட்டாள். பேசினபோது இரண்டு காலையும் கட்டில் மேல் நீட்டி வைத்திருந்தேன், அதனால் வாய் நன்றாக வேலை செய்தது.

நீ எழுதினதை அப்படியே நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. மகளிடமும் பிசியோ பொண்ணிடமும் நீ எழுதினதைச் சொல்லாமல், "டாக்டர் கால் நீளத்தைப் பத்தி என்ன சொன்னார்?" என்று தனித்தனியாகக் கேட்டேன். மகளுக்கு உண்மையிலேயே ஒன்றும் தெரியவில்லை. உன்னோடு போனில் பேசியது எல்லாம் நான் சாப்பிட்டேனா, திட்டினேனா என்பதுதானாம். பிசியோ பொண்ணு கைப்பையைத் திறந்து நாலைந்து மெல்லிய பலகைத் துண்டுகளை எடுத்தாள். நல்ல காலுக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்து நிற்கச் சொன்னாள். பத்து மில்லிப் பலகை வைத்தபோது சமமாகத் தெரிந்தது.

"பார்த்தீங்களா, இருக்கறது நாலு. நீங்க உணர்றது பத்து. மிச்சம் ஆறும் உங்க சதையோட பிடிவாதம்மா. அதை நான் இறக்கித் தர்றேன், பிடிவாதம் உங்களுக்கு எங்கெங்க இருக்குன்னு எனக்கு இப்பத் தெரியும்."

"இந்தப் பலகை எந்த மரம்?" என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனால் சிரிப்பது தோளில் தெரிந்தது.

பிசகு இன்னது என்று தெரிந்த சரக்கை நான் வாங்கியிருக்கிறேன், விற்றும் இருக்கிறேன். தெரியாத சரக்கைத்தான் தொட்டதில்லை.

ஜன்னலில் செருகியிருந்த தாளை எடுத்தாயிற்று. காலையில் பத்து, மத்தியானம் பத்து, சாயங்காலம் பத்து. காலைப் பக்கவாட்டில் தூக்குவதுதான் கொடுமை. தூக்குகிறேன் என்று நான் நினைக்கிறேன், கால் படுக்கையிலேயே இருக்கிறது. அந்தப் பெண் இடுப்பு எலும்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, "இங்க ஏமாத்தறீங்க, முதுகை வளைச்சுத் தூக்கறீங்க" என்கிறாள். என்னை ஏமாற்றுக்காரி என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். நேற்று ஏமாற்றாமல் மூன்று தடவை தூக்கினேன்.

கடைக்கு வருவேனா என்று இதில் எழுதவில்லை. நீயாக எதுவும் முடிவு கட்டாதே.

அக்கா

ஜூலை 25

அக்காவுக்கு,

பத்தாம் தேதி டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு மூட்டு அசையாமல் நிற்கிறது என்று சொன்னதாக உன் மகள் சொன்னாள். நீ அவரிடம் நாலு மில்லியை எக்ஸ்ரேயில் அளந்து காட்டச் சொன்னதையும் சொன்னாள். காட்டினாராமே. மூன்றரைதான் வந்தது என்று நீ அவரோடு சண்டைக்குப் போனதாகவும் கேள்வி.

இங்கே சரக்குக்காரர்கள் வருகிறவர் எல்லாம் "அம்மா எப்ப வருவாங்க?" என்று கேட்கிறார்கள். பாதிப் பேர் நீ வரவேண்டும் என்று கேட்கிறார்கள். மீதிப் பேர் நீ இல்லாதபோதே சரக்கைத் தள்ளிவிட்டுப் போகலாமா என்று கேட்கிறார்கள். யார் எந்தப் பக்கம் என்று பெயரோடு வைத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், திட்டினாலும் பரவாயில்லை. கைத்தடியோடு நன்றாக நடக்கிறாயாம், ஆனால் உன் அறைக்குள், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு நடக்கிறாயாம். தெருவுக்கு வரமாட்டேன் என்கிறாயாம். வாசலில் யாராவது வந்தால் உடனே உட்கார்ந்துவிடுகிறாயாம். அப்படியானால் நீ அன்றைக்குச் சொன்னது இன்னும் நிற்கிறதா? உள்ளதைச் சொல். நான் அதற்குத் தகுந்த மாதிரி இருந்துகொள்கிறேன்.

தம்பி

ஆகஸ்ட் 14

தம்பிக்கு,

உன் கேள்விக்கு இருபது நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன். அதுவரைக்கும் எனக்கே பதில் தெரியாது.

தடியை ஒன்பதாம் தேதி விட்டேன். அறைக்குள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பதினோரு அடி. தாழ் போட்டுக்கொண்டு நடந்தது உண்மைதான். நான் சாய்கிறேனா இல்லையா என்பது எனக்குத் தெரிவதற்கு முன்னால் வேறு ஒருத்தருக்குத் தெரியக்கூடாது என்று இருந்தேன். இப்போது அதில்தான் சிக்கல். எனக்கு அது தெரியவே தெரியாது போலிருக்கிறது. உள்ளுக்குள் எல்லாம் சமமாகத்தான் இருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் எதிரே வருகிறவள்தான் தெரிகிறாள், சாய்வது பின்னாலிருந்து பார்த்தால்தான் தெரியுமாம். மகளிடம் கேட்டால் "நேராத்தான் நடக்கறம்மா" என்கிறாள். அவள் நான் விழுந்து கிடந்தாலும் நேராகக் கிடக்கிறேன் என்பாள். போனில் படம் எடுத்துக் காட்டினாள். படம் என்றதும் உடம்பு விறைத்துக்கொள்கிறது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நடந்திருக்கிறேன். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பிசியோ பொண்ணு போன வாரத்தோடு வருவதை நிறுத்திவிட்டாள். போகும்போது, "களைச்சுப்போனா கொஞ்சம் சாயறீங்க, இருநூறு அடிக்கு மேல. யாரையாவது பார்த்துச் சொல்லச் சொல்லுங்க, சொன்னாத் திருத்திக்குவீங்க" என்றாள். அவள் சொன்னதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்த வீட்டில் இருநூறு அடி இல்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் வருகிறேன். பன்னிரண்டு மணிக்கு வந்து சேரும், அந்த நேரத்தில் கடைத்தெரு முழுக்க ஆள் இருப்பார்கள். இருக்கட்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைக்கு நானூறு அடிக்குக் குறையாது. நடந்து வருவேன். வண்டி எதுவும் கொண்டு வந்து நிற்காதே. பையை நீ வாங்கிக்கொள்ளலாம். என் முன்னால் போகாதே, பக்கத்தில் வந்து கையைப் பிடிக்காதே. பத்தடி பின்னால் வா. எந்த இடத்தில் சாய ஆரம்பிக்கிறேன், எந்தப் பக்கம், எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே வா. நடுவில் யார் நலம் விசாரித்தாலும் நீ பதில் சொல்லி என்னை நிறுத்தாதே. வாசலுக்கு வந்ததும் சொல். நான் வாசப்படி ஏறின பிறகு சொல்லாதே, ஏறுவதற்கு முன்னால் சொல். யார் நின்றாலும் பரவாயில்லை.

என் முதுகுக்குப் பின்னால் ஆள் நிற்பது எனக்கு ஆகாது என்று உனக்குத் தெரியும். அதனால் செருப்பைக் கொஞ்சம் தேய்த்து நட. பின்னால் வருவது நீதான் என்று எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அக்கா